அப்பாவுக்கு எந்த ‘யூ’

வலது கை ஒளிநாடாக் கருவியின் சக்கரத்தைப் பின்னால் திருப்பியது. தொலைக்காட்சிப் பெட்டியில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த வான்கோழி கீழிறங்கி, ரப்பர் உறை போட்ட ஒரு கைக்குள் திரும்பிப் போனது. இடது கை பொத்தானை அமுக்கியது, படம் நின்றது. மறுபடியும் ஓடவிட்டது. கையுறைக்காரனின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. ‘யூ இங்கே நிற்கணும், யூ வெட்டணும், யூ கொக்கியில் மாட்டணும், அவ்வளவுதான்’ என்று அது தடுமாறாத, ஆனால் வெளியூர் வாடை அடிக்கிற ஆங்கிலத்தில் சொன்னது.

கைகள் கணினிக்குத் தாவின. ‘நீ இங்கே நிற்க வேண்டும்’ என்று போர்த்துக்கீசில் அடித்தன. அழித்தன. ‘நீங்கள்’ என்று அடித்தன. அதையும் அழித்தன. கேமராவோடு வந்திருக்கிற பெண்ணையா இவன் வான்கோழி வெட்டச் சொல்கிறான்? தன்னைத்தான் சொல்கிறான். ‘நான்’ என்று சொல்லக் கூசுகிறவர்கள் ஆங்கிலத்தில் ‘யூ’வுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள், மழைக்கு அடுத்த வீட்டு வாசலில் ஒதுங்குவதுபோல. கடைசியில் ‘ஒரு மனுஷன் இங்கே நிற்கிறான், வெட்டுகிறான், மாட்டுகிறான்’ என்று அடித்து, இரண்டு வரிக்குள் அடங்குகிறதா என்று பார்த்தபின்தான் கைகள் ஓய்ந்தன.

இதாலினா கல்ரீட்டோவின் தொழில் இது. லிஸ்பனுக்கு எதிர்க்கரையான பரெய்ருவில், அப்பாவோடு குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் எழுதுகிறவள். கல்லூரிப் பக்கம் போனதில்லை. பத்தொன்பது வயதில் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு இணைப்புகள் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆங்கிலம் அங்கே காதில் விழுந்து விழுந்தே படிந்தது. அந்த மொழி அவளுக்குக் கொடுத்த முதல் அதிர்ச்சியும் அங்கேதான். ஒயின் கம்பெனி நடத்தும் ஓர் ஆங்கிலேயர் தன் ஊர்ப் பிரபு ஒருவரிடம் பேசிவிட்டு, அடுத்த இணைப்பிலேயே தன் சமையல்காரியிடமும் பேசினார். இரண்டு பேருக்கும் ‘யூ’தான். எங்கேயோ கம்பி மாறிவிட்டது என்று பயந்து, இதாலினா இணைப்பைச் சரிபார்த்தாள்.

போர்த்துக்கீசில் வாயைத் திறக்கும் முன்பே எதிரில் இருப்பவர் யார், நாம் யார் என்று மனசுக்குள் ஒரு பஞ்சாயத்து முடிந்திருக்க வேண்டும். தோழனுக்கும் தம்பிக்கும் ‘து’, அதுதான் நீ. அதிகாரிக்கு வேறு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு, மாமியாருக்கு வேறு. எதுவும் தோதுப்படாவிட்டால் ஆளின் பெயரையே சொல்லி, அங்கே இல்லாத மூன்றாம் மனுஷியைப் பற்றி விசாரிப்பதுபோல, ‘இதாலினாவுக்குக் காப்பி வேணுமா?’ என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடலாம். ஆங்கிலேயர்களுக்கோ இத்தனைக்கும் ஒரே குவளை. குடிக்கவும் அதுதான், முகம் கழுவவும் அதுதான்.

அதனால் புதுப் படம் எது வந்தாலும் முதல் தடவை அவள் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்ப்பாள். கதைக்காக அல்ல, யாருக்கு யார் நீ, யாருக்கு யார் நீங்கள், எந்த இடத்தில் நீங்கள் என்பது நீ ஆகிறது என்று பார்ப்பதற்காக. ஒரேயொரு தடவை சறுக்கினாள். ஒரு மருத்துவமனைத் தொடரில், இரண்டு டாக்டர்கள் அவசரத்தில் ஒருவரையொருவர் கூப்பிடும் இடத்தில் ‘நீ’ விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் சேத்துபாலிலிருந்து ஓர் அம்மாள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டு, அந்த ரெண்டு பேருக்கும் எப்போது தொடுப்பு ஆயிற்று, நான் ஒரு நாள்கூட விடாமல் பார்க்கிறேனே என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அந்தத் தொடர் முடியும்வரை அந்த இரண்டு டாக்டர்களுக்கும் நடுவே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பாதி நாடு கடைசிவரை அவர்களைச் சந்தேகமாகவே பார்த்தது. அதற்கப்புறம் அவள் சறுக்கியதில்லை.

இந்த வான்கோழிப் படத்தை அப்படி முதல் தடவை பார்க்காமலே அடிக்க உட்கார்ந்ததற்குக் காரணம், இது கதைப்படம் இல்லை என்பதுதான். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் கோழி வெட்டும் ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்களைப் பற்றிய விவரணப் படம். வியாழக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. வியாழக்கிழமை என்றால் இதாலினாவின் அப்பா செஃபெரீனு சவரம் செய்துகொண்டு கீழே காப்பிக்கடைக்கு இறங்கிவிடுவார். ரயில் பட்டறையில் கடைசல் பிடித்து ஓய்வு பெற்ற மனுஷர், எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். படம் எதுவானாலும் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிவைப்பார். கடைசியில் ‘மொழிபெயர்ப்பு: இதாலினா கல்ரீட்டோ’ என்று எழுத்து வரும். கடையில் இருப்பவர்கள் செஃபெரீனுவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஒன்றும் நடக்காதவர்போலத் தொப்பியை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார்.

வான்கோழிக் காட்சி முடிந்து படம் ஆலையின் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனது. கையுறைக்காரன் உறையைக் கழற்றினான். தலையிலிருந்த வலையை எடுத்தான். நரைத்த தலை. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டு துண்டாக இருந்தது. அவன் அந்த இடத்தைச் சுண்டுவிரலால் சொறிந்துகொண்டு கேமராவைப் பார்த்தான்.

சக்கரத்தின் மேலிருந்த கை நழுவி மடியில் விழுந்தது. படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் ‘பெல்மிரோ கல்ரீட்டோ, போர்த்துக்கல்’ என்று எழுத்து வந்து, நின்று, போனது.

அவளுடைய அண்ணன்.

சமையலறையில் அப்பா கீரை அரியும் சத்தம் பலகையில் தட்தட்டென்று கேட்டது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எழுபத்தைந்தாம் வருஷம் வீட்டை விட்டுப் போனவன். நடுவில் ராட்டர்டாமிலிருந்து துறைமுகப் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வந்தது. பின்பக்கம் ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மா செத்ததைச் சொல்லவும் ஒரு முகவரி கிடையாது. யாராவது கேட்டால் அப்பா, ‘கப்பல்ல இருக்கான்’ என்பார். கேட்பதை எல்லாரும் எப்போதோ விட்டிருந்தார்கள். அவன் செத்திருப்பான் என்றே இதாலினா நினைத்திருந்தாள். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கேமராக்காரப் பெண், ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். பெல்மிரோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ‘நோ’ என்றான்.

இந்த மாதிரி ஒற்றைச் சொல்லுக்கு சப்டைட்டில் போடுவதில்லை என்பது தொழில் வழக்கம், கேட்டாலே புரியும். ஆக, இதை மறைக்கவும் வழியில்லை. காப்பிக்கடையில் அத்தனை பேருக்கும் நடுவே அப்பாவின் காதில் அது நேராக விழும்.

அவன் ஏன் போனான் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் அம்மா இப்போது இல்லை. சர்வாதிகாரத்தைக் கவிழ்த்துப் புரட்சி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரே ஒருவரையொருவர் ‘து’ என்று கூப்பிட்டது. பட்டறையில் என்ஜினியரையும் இனிமேல் ‘து’ என்றுதான் கூப்பிடுவது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள்; கை தூக்கியவர்களில் செஃபெரீனு முதல் வரிசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா சூப்பைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பெல்மிரோ, ‘உப்பு வேணுமா உனக்கு?’ என்று அப்பாவைக் கேட்டான். அதுவரை அந்த வீட்டில் அப்பாவுக்கு ‘அப்பாவுக்கு வேணுமா’தான். செஃபெரீனு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, யாரைக் கேட்கிறாய் என்று கேட்டார். பெல்மிரோ சிரித்துக்கொண்டே, ‘உன்னத்தான் தோழர்’ என்றான். அடுத்த நொடி அவன் நாற்காலியோடு தரையில் கிடந்தான். அடுப்பு மூலையில் புருவம் கிழிந்திருந்தது. எழுந்தான், சட்டையை எடுத்தான், போய்விட்டான். அம்மா கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

ஊருக்கெல்லாம் நீ சொல்லலாம், மேசையில் மகன் சொல்லக்கூடாது. அதில் ஒரு முரண் இருக்கிறது என்று அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இதாலினாவுக்கும் தோன்றவில்லை.

மீதிப் படத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வர நேரமாயிற்று. கடைசிப் பகுதியில் பெல்மிரோ தன் அறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இங்கிலீஷ் படிப்பது கஷ்டமாக இருந்ததா என்று அந்தப் பெண் கேட்டாள். சுலபமான பாஷை என்றான். ‘ஒரே சொல். மேஸ்திரிக்கு யூ. நாய்க்கு யூ. பாதிரியாருக்கு யூ. யாருக்குமே கோபம் வராதுங்கறத நம்பவே எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.’ அப்புறம், ‘எங்க வீட்ல இந்தச் சொல் இருந்திருந்தா நான் இங்க இருக்க மாட்டேன்’ என்றான். யாருமே இல்லை என்றீர்களே என்று பெண் கேட்டாள். அப்பா என்றான். இருக்கிறாரா தெரியாது என்றான். அவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்றாள்.

பெல்மிரோ நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினான். நாலைந்து வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு யூ.

இதாலினா முதலில் தன் பழைய வித்தையைப் பிடித்துப் பார்த்தாள். ஆளைத் தொடாமல் சொல்கிற வித்தை. ‘உயிரோடு இருப்பது உண்டா? சாப்பாடு இறங்குகிறதா? அன்றைக்கு அடித்தது தப்பு. ஒரு தடவை பார்க்க வேண்டும்.’ இரண்டிரண்டு வரியில் கச்சிதமாக அடங்கியது. வாசித்துப் பார்த்தாள். நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினது மாதிரி இருந்தது. அழித்தாள். ‘நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?’ என்று போட்டாள். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிற நல்ல பிள்ளை ஒருவன் திரையில் வந்து நின்றான். பெல்மிரோ மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் அழித்தாள். ‘நீ’ என்று போட்டால், அன்றைக்கு அப்பா எதற்கு அடித்தாரோ அதே சொல், இத்தனை வருஷம் கழித்து, காப்பிக்கடை முழுக்கப் பார்க்க, அவள் கையாலேயே அப்பாவின் முகத்தில் விழும். அதற்குக் கீழே அவள் பெயரும் வரும்.

வேறு யாருக்காவது இந்தப் படத்தைக் கொடுத்துவிடச் சொல்லலாம். யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைப் போடத்தானே வேண்டும். அவர்களுக்கு அது வெறும் கிழவனும் மகனும்.

அன்றைக்கு அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை; ‘நீங்கள்’ ஒன்று, ‘நீ’ ஒன்று என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதி மட்டும் வைத்தாள். மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கீரை சூப்பைக் குடித்தாள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அதற்கு அடுத்த நாள் மதியம், அவர் பொரிப்பதற்கு மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் போய் நின்றாள்.

“அப்பாவுக்கு ஒரு நிமிஷம் உள்ள வர முடியுமா?”

“மீன் இருக்கே.”

“இருக்கட்டும்.”

கத்தியைக் கையில் பிடித்தபடியே வந்தார். அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள், அவர் உட்காரவில்லை. படத்தை ஓடவிட்டாள். எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் பேசிக்கொண்டிருந்தான். செஃபெரீனு பார்த்தார். கத்தி தரையில் விழுந்தது. இதாலினா குனிந்து எடுக்கப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். படம் முடிந்ததும், மறுபடி என்று விரலால் காட்டினார். மறுபடி ஓடியது. இன்னொரு தடவை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டியிருக்குமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

“முன்பல்லு போயிடுச்சு” என்றார் கடைசியில்.

“ஆமாம்ப்பா.”

“எந்த ஊரு?”

சொன்னாள். எப்போது எடுத்தது என்று கேட்டார். போன வருஷம் என்றாள். அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருமே இல்லை என்று முதலில் சொன்னான் என்பதையும் அவள் மறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப என்னையா பேசறான்?”

“அப்பாவத்தான்.”

“என்னை எப்படிக் கூப்பிடறான்?”

இதாலினா உதட்டைக் கடித்தாள். “யூ-ன்னு.”

“அது நீயா, நீங்களா?”

“ரெண்டும்தான். ரெண்டும் இல்ல.”

அவருக்கு அது விளங்கவில்லை. அந்த ஊரில் மாமனாரை மருமகன் எப்படிக் கூப்பிடுவான் என்றார். யூ என்றாள். மந்திரியை? யூ. வேலைக்காரியை? அதேதான். ராணியையுமா என்றார். ராணிக்கு மட்டும் ஏதோ தனியாக உண்டு, அதுவும் முதல் தடவை கூப்பிடும்போதுதானாம் என்றாள். செஃபெரீனு வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தார். மகன் உயிரோடிருப்பதைவிட இதுதான் பெரிய அதிர்ச்சிபோல இருந்தது.

“அப்ப நாங்க எதுக்குப் பட்டறையில கூட்டம் போட்டோம்? அவனுங்ககிட்ட அது மொதல்லயே இருந்திருக்கே. ராணிய வச்சிக்கிட்டே இருந்திருக்கு.”

இதாலினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். போர்த்துக்கீசில் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும், வியாழக்கிழமை இது வருகிறது என்று சொன்னாள். போட்டதைப் படித்துக் காட்டச் சொன்னார்.

முதலில் ‘நீங்கள்’ போட்டதைப் படித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“யார் இது?”

“அண்ணன்தான்ப்பா.”

“இல்ல. இது எவனோ கடன் கேக்க வந்தவன். அடுத்தத படி.”

“அடுத்ததுல நீ-ன்னு வருது.”

“படின்னேன்.”

படித்தாள். ‘நீ உயிரோட இருக்கியா? உனக்குச் சாப்பாடு இறங்குதா? நீ அன்னிக்கு அடிச்சது தப்பு. உன்னை ஒரு தடவை பாக்கணும்.’ பிறந்ததிலிருந்து அப்பாவைப் பார்த்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இரவல் குரலாக இருந்தாலும் இதுதான் முதல் தடவை. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் செதிள் ஒட்டிய கைகளை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார்.

“இவன்தான்” என்றார்.

“கீழ கடையில எல்லாரும் படிப்பாங்க.”

“படிக்கட்டும். அடிச்சப்ப வெளியாள் யாரும் பாக்கல. அதான் இத்தன வருஷம் நான் நல்லவனா நடமாடினேன்.”

கம்பெனி மூலமாக அண்ணனின் முகவரியை விசாரிக்க முடியும் என்று அவள் சொன்னாள். முதலில் இது போகட்டும் என்றார் செஃபெரீனு. எழுந்து போனார். மீனைப் பொரித்த வாசனை வரவில்லை. இதாலினா எட்டிப் பார்த்தபோது, குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலைப் படகில் இதாலினா அக்கரைக்குப் போனாள். கம்பெனியில் சரிபார்ப்பது செஞோர் ஃபவுஸ்டோவின் வேலை. அங்கே யாரும் யாரையும் நீ சொல்வதில்லை; மரியாதைக்கு அவர் செஞோர், இவள் தோனா. ஒளிநாடாவை ஓடவிட்டு, அவள் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்களைப் பென்சிலோடு கூடவே படித்துக்கொண்டு போவார். அவர் திருப்தியானபின்தான் சப்டைட்டில் பதிந்த வட்டு கைமாறும். வான்கோழிக் காட்சியில் ‘ஒரு மனுஷன்’ என்ற இடத்தில் நன்றாக இருக்கிறது என்று முனகினார். சாப்பாட்டுக்கூடத்தில் அடியில் வந்த பெயர்மேல் அவர் கண் போகவில்லை; அது தாளிலேயே இருந்தது. கடைசிப் பகுதியில் பென்சில் நின்றது.

“தோனா இதாலினா, இந்த ஆளுக்கே அம்பது இருக்கும். அப்பன்காரர் எண்பது வயசுப் பழைய மனுஷர். அந்தக் காலத்துப் பிள்ளை நீ-ன்னு பேசுவானா? நான் மரியாதையாவே மாத்திடறேனே.”

“மாத்தாதீங்க, செஞோர் ஃபவுஸ்டோ.”

“பாக்கறவங்க போன் போட்டுத் திட்டுவாங்க. சேத்துபால் அம்மா ஞாபகம் இருக்கில்ல?”

“திட்டட்டும். நான் கேட்டுட்டுத்தான் போட்டேன்.”

“யார்கிட்ட?”

“அப்பாகிட்ட.”

உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்க ஃபவுஸ்டோ தலை நிமிர்ந்தார். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. படத்தின் முடிவில், பேசினவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. பெல்மிரோ கல்ரீட்டோ என்ற பெயரில் ஃபவுஸ்டோவின் கண் போய் நின்றது. அங்கிருந்து அவள் கையிலிருந்த வட்டின் மேல், அவளுடைய சொந்தக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்த பெயருக்கு வந்தது. மறுபடி திரைக்குப் போனது. காதுக்குப் பின்னால் பென்சிலைச் செருகிக்கொள்ளப் போய், அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

இதாலினா வட்டை நீட்டினாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.